கைமாற்று

ஐம்பத்தேழு அடி நீளம், ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலம்.
"இதை எப்படிப் பிரிப்பது?" என்றார் வக்கீல்.
செஸ்டர் வீடு விற்றாயிற்று, கார் அவனுக்கு, பியானோ எனக்கு.
'ப்ரூடென்ஸ்' மட்டும் நின்றாள்.
வாங்க ஆள் வரவில்லை,
விட்டுத்தர எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.
ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நான்.
மிச்ச மாதங்கள் அல்வின்.
குளிர்காலத்தை அவனாகவே கேட்டு வாங்கினான்.
பனியில் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

கரி அடுப்புக்கு மேலே ஒரு குறிப்பேடு,
எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்த அட்டை.
பேச்சுவார்த்தை எல்லாம் அதில்தான்.

"எஞ்சின் 4112 மணி. ஆயில் மாற்றியாயிற்று.
சுழல்தண்டுக்குத் தினமும் கிரீஸ் ஒரு திருகு.
மறந்தால் சொட்டும்."

"வலப்பக்கம் மூன்றாவது சன்னல் ஒழுகுகிறது.
ரப்பர் வைத்தேன், ஒழுகுகிறது.
வாளி வைத்தேன்."

அதன்கீழ் என் கையெழுத்து:
"வாளியைப் பார்த்தேன். நன்றி."

கிரீஸை மறந்தேன். ஜூலையில், மூன்று வெயில் நாட்கள்.
நடுராத்திரி அடிப்பம்பு தானே விழித்து
கால்வாயைக் கால்வாய்க்கே துப்பிக்கொண்டிருந்தது.
அடுத்த படகின் பெரனைஸ் டார்ச் அடித்து
"உயிரோடுதானே இருக்கிறாய்?" என்றாள்.
இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஆட்லெம் மதகுகள் பதினைந்தையும் தனியாக ஏறினேன்.
கயிற்றைப் பிடி, கதவைத் தள்ளு, படகுக்கு இறங்கு, திரும்ப ஏறு.
ஒன்பதாவதில் மதகுச் சாவி கைநழுவியது.
ஒரு 'ளக்'. அவ்வளவுதான்.
காந்தம் கட்டிய கயிற்றை விட்டு அரைமணி துழாவினேன்:
சைக்கிள் மணி, சட்டி மூடி,
அப்புறம் யாரோ எப்போதோ தவறவிட்ட சாவி,
என்னுடையதைவிடப் பழசு,
என்னுடையதைவிடக் கச்சிதமாகப் பொருந்தியது.
இதை எழுதினேன்.
பதிலுக்கு அவன் ஒரு வளைகோடு போட்டிருந்தான்,
சிரிப்பாக இருக்கலாம், பேனா தடுக்கியும் இருக்கலாம்.

இந்த ஏப்ரலில் மிடில்விச் உலர்துறை.
தண்ணீரை வடித்ததும்
ப்ரூடென்ஸ் குண்டாக, வெட்கமில்லாமல், கட்டைகள்மேல் உட்கார்ந்தாள்.
அடிவயிறெங்கும் சிப்பியும் பாசியும்.
கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை என்பதால்
இருவரும் வந்திருந்தோம்.
சர்வேயர் டாட்லாக் சுத்தியால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்,
சாக்பீஸால் தகட்டில் மில்லிமீட்டர் எழுதிக்கொண்டே போனார்:
5.8. 5.6. 5.1.
பின்பக்கம், நீர்மட்டத்தில், 4.1.

"ஆனோடு எப்போது மாற்றினீர்கள்?"
படகுக்குப் பதில் தான் கரையவென்று பற்றவைக்கும் மெக்னீசியக் கட்டி;
இருந்த இடத்தில் புளியங்கொட்டை அளவு மிச்சம்.
இரண்டு வருடத்துக்கு முன் அல்வின் எழுதியிருக்கிறான்,
தேதி போட்டு: "ஆனோடு நான்கும் புதுசு."

தகட்டைப் பார்த்துச் சொன்னான்,
"அந்த மாதம் கரி வாங்கினேன்."
பிறகு, யாரும் கேட்காமலே,
"அடுப்பெரியாத படகு குளிரில் உள்ளிருந்தே நனையும்.
அதனால்தான் குளிர்காலம்."

எனக்குச் சண்டை வந்தது.
கையில் உருளை இருந்தது, வாளியில் தார் இறுகிக்கொண்டிருந்தது.
அவன் மூக்கிலிருந்து, நான் வாலிலிருந்து.
மூன்றாவது சன்னலுக்குக் கீழே முழங்கை இடித்துக்கொண்டோம்.
"போன ஜூலையில் கிரீஸ் மறந்தேன்."
"தெரியும். பெரனைஸ் சொன்னாள்."

இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தார் டாட்லாக்.
அப்புறம் புதுத் தகடு, ஒன்பதாயிரம் பவுண்டாவது.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஆனோடு நான்கு, செலவு பாதிப் பாதி.
மூன்றாம் நாள் தண்ணீரை உள்ளே விட்டார்கள்.
எந்தக் கணத்தில் மிதந்தாள் என்று சொல்ல முடியாது.
கட்டையில் இருந்தாள், அப்புறம் இல்லை.
பின்தளப் பலகையைத் தூக்கி
மண்டியிட்டு, ஒரே டார்ச் வெளிச்சத்தில்
சொட்டு விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.
கிரீஸ் ஒரு திருகு.
யார் திருகினோம் என்று குறிப்பேட்டில் இல்லை.